சொல்லத் தயங்கும் தொல்லை: கர்ப்பப்பை இறக்கம்

"தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை?" என்று சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். நான் டாக்டர் அல்ல. சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் வீட்டிலேயே ஒருவர் நான்கு வருடங்கள் பட்ட அவதி எனக்குத் தெரியாமல் இருந்துவிட்டது. தெரிந்த பிறகு டாக்டர்களைக் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் புரிந்துகொண்டவற்றை நம் மகளிர் அறிய வேண்டும். அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய கணவன்மார்கள் அறிய வேண்டும் என்று தோன்றியது. மனைவியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க, ஆனா எல்லாத்தையும் எழுதிடாதீங்க" என்றாள். அந்த எல்லைக்குள் எழுதுகிறேன்.

பெங்களூரில் பாதி வீடுகளில் குடிதண்ணீர் 20 லிட்டர் கேனில்தான் வருகிறது. ஒரு நாள் நான் வெளியே போய்விட்டு மாலையில் திரும்பினேன். காலையில் வந்த கேன் வாசலிலேயே இருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. "ஒரு கேனைத் தூக்கி வைக்கக்கூடவா முடியலை?" என்று சற்றுக் குரலை உயர்த்திவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. அன்று இரவு மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கு. நாலு வருஷமா இருக்கு. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்பட்டுட்டு இருக்காங்க" என்றாள். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் எனக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு ஏற்பட்டதில்லை.

கர்ப்பப்பை இறக்கம் என்றால் என்ன? இடுப்பெலும்பு என்பது அடியில்லாத அண்டாவைப் போன்றது. அதற்குள் முன்னால் மூத்திரப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல். இவை கீழே விழாமல் தாங்குவது எலும்பு அல்ல, தசை. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல ஒரு தசைத் தளம் இருக்கிறது. இதை இடுப்புத்தளத் தசை என்கிறார்கள். மேலேயிருந்து பிடித்துக்கொள்ள நார்போன்ற பந்தங்களும் உண்டு. தளமும் பந்தங்களும் தளரும்போது உறுப்புகள் பெண்ணுறுப்பின் பாதைக்குள் சரிகின்றன. எப்போதும் கர்ப்பப்பைதான் இறங்கும் என்பதில்லை. முன்சுவர் வழியாக மூத்திரப்பை பிதுங்கலாம், பின்சுவர் வழியாக மலக்குடல் பிதுங்கலாம். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் கர்ப்பப்பை இறக்கம் என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே கன்னடத்தில் "கர்ப்பகோச ஜாருவிகெ" என்கிறார்கள். ஜாருவது என்றால் வழுக்கிச் சரிவது. விஷயத்தை அப்படியே சொல்லும் நல்ல சொல்.

காலையில் எழுந்ததும் ஒன்றும் தெரியாது. வேலை செய்து நின்று நடந்து மாலை ஆக ஆக, கீழே ஏதோ இறங்குவது போல, உருண்டையாக ஒன்று இடறுவது போலத் தோன்றும். படுத்தால் குறையும். இடுப்பின் அடிப்பகுதியில் இழுக்கும் வலி, சிறுநீர் முழுவதும் போகாத உணர்வு, இருமினால் தும்மினால் கசிவு, மலம் கழிக்க முக்க வேண்டியிருத்தல் இவையெல்லாம் சேர்ந்தோ தனித்தனியாகவோ வரலாம். டாக்டர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் உள்ளேயே சற்று இறங்கியிருக்கும்; இரண்டாவதில் வாசல் அளவுக்கு வரும்; மூன்றாவதில் வெளியே தெரியும்; நான்காவதில் முழுதும் வெளியே வந்துவிடும். என் மனைவிக்கு இரண்டாம் நிலை.

என் தொழில் மொழியில் சொன்னால் எனக்கு உடனே புரிந்தது. ரயில் பாதையில் தண்டவாளம் சிலிப்பர் மேல் இருக்கிறது. சிலிப்பர் ஜல்லியின் மேல் இருக்கிறது. வண்டியின் பாரத்தை வாங்கிக்கொள்வது கீழே இறுக்கமாகப் பேக்கிங் செய்த ஜல்லி. ஜல்லி சரியாக இருக்கும்வரை மேலே இருக்கும் போல்ட்டுக்கும் கிளிப்புக்கும் பெரிய வேலை கிடையாது. ஜல்லி தணிந்துவிட்டால் சிலிப்பர் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு வண்டி போகும்போதும் அது குதிக்கும். பாரம் முழுவதும் போல்ட்டின் மேல் விழுந்து அவை ஒவ்வொன்றாக லூசாகும். புது போல்ட்டாக மாட்டிக்கொண்டே இருந்தால் பிரச்சினை தீராது. கேங்மேன்கள் வந்து ஜல்லியைத் திரும்ப இடித்துப் பேக் செய்ய வேண்டும். உடம்பில் ஜல்லியின் வேலையைச் செய்வது தசைத் தளம். போல்ட்டின் வேலையைச் செய்வது பந்தங்கள். அமெரிக்க டாக்டர்கள் இதையே துறைமுகத்தில் கட்டிய கப்பலாகச் சொல்கிறார்கள். கப்பலைத் தாங்குவது தண்ணீர். கயிறு அசையாமல் பிடிக்க மட்டும்தான். தண்ணீர் வடிந்தால் கயிறு எத்தனை நேரம் தாங்கும்?

தளம் தளர முதல் காரணம் பிரசவம். தலை வெளிவரும்போது இந்தத் தசை பல மடங்கு இழுபடுகிறது. சிலருக்கு எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுவதும் உண்டு. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில் இது அதிகம். அடுத்து வயது, மாதவிலக்கு நின்றபின் வரும் மாற்றம். இவை நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை நான்கு: உடல் எடை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குதல். நான்கும் செய்யும் காரியம் ஒன்றுதான். வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டித் தளத்தின் மேல் இறக்குவது.

பாரம் தூக்குவதைப் பற்றிச் சொல்லும்போது செங்கல்பட்டை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த வட்டாரத்தில் 1981 முதல் இயங்கிவரும் 'ரூவ்செக்' என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பில், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.கே. சுந்தரி ரவீந்திரனும் தோழியரும் கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களை உட்காரவைத்துப் பேசி, அதை 1999ல் ஆய்வாக வெளியிட்டார்கள். பிரசவம் ஆன கொஞ்ச நாளிலேயே வயல் வேலைக்கும் சுமை தூக்கவும் திரும்பிய கூலிப் பெண்களின் கதை அது. வெளியே சொல்லாமல், வைத்தியமும் பார்க்காமல், அதே நிலையில் வருடக்கணக்காக நாற்று நட்டவர்கள். நேபாளத்தில் மலைக் கிராமங்களில் இது எவ்வளவு பரவியிருந்தது என்றால், 2008ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இது பெண்களின் உரிமை சம்பந்தப்பட்ட விஷயம், அரசு கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் வீட்டுப் பெண்கள் வயலில் இறங்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். 1980களில் பங்காருப்பேட்டை குவார்ட்டர்ஸில் குழாயில் தண்ணீர் வராத நாட்களே அதிகம். எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் என் மனைவி இடுப்பில் குடம் சுமந்தாள். நான் லைனில் இருந்தேன். லைனில் இருந்தேன் என்று சொல்வது வசதியான பதில். வீட்டில் இருந்த நாட்களிலும் நான் குடத்தைத் தொட்டதில்லை. இன்றைக்குப் பெங்களூரில் குடம் இல்லை. ஆனால் நிரம்பிய கேன் 20 கிலோவுக்கு மேல். கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் சுமார் 30 கிலோ. மகனும் மருமகளும் ஐ.டி. வேலைக்குப் போக, நாள் முழுவதும் பாட்டியின் இடுப்பில் இருக்கும் பேரக்குழந்தை 10, 12 கிலோ. இதில் இந்த ஊர்ப் பனியும் தூசியும் பூந்தாதும் கிளப்பும் இருமல் வேறு.

இனி உடல் எடை. இதில் நான் கேட்டதும் படித்ததும் கொஞ்சம் முரணாக இருந்ததால் விவரமாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 16,608 பெண்களை 5 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2009ல் வெளிவந்தது. அளவான எடையுள்ளவர்களோடு ஒப்பிட்டால், கர்ப்பப்பை இறக்கம் முற்றிப்போகும் வாய்ப்பு எடை கூடியவர்களுக்கு 43 சதவீதமும், மிகப் பருமனானவர்களுக்கு 69 சதவீதமும் அதிகமாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எடையைக் குறைத்தவர்களுக்கு இறங்கியது மேலே ஏறிவிடவில்லை. அதாவது எடை கூடினால் பாதை அமுங்கும். பாரத்தைக் குறைத்தால் அமுங்குவது நிற்கலாம், தானாக எழும்பாது. ரயில்வேக்காரனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அப்படியானால் எடை குறைத்து என்ன லாபம்? லாபம் இருக்கிறது. முற்றாமல் தடுக்கலாம். அதோடு, சிறுநீர்க் கசிவு நன்றாகக் குறையும். அதே 2009ல் வந்த மற்றொரு அமெரிக்க ஆய்வில், எடை அதிகமுள்ள 338 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். உணவு, உடற்பயிற்சி என்று முறையாகச் செய்த குழு 6 மாதத்தில் சராசரி 8 சதவீதம் எடை குறைந்தது. அவர்களுக்குக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. மற்ற குழுவில் 28 சதவீதம்தான். 8 சதவீதம் என்பது 68 கிலோ இருப்பவருக்கு ஐந்தரை கிலோ. எட்ட முடியாத இலக்கு அல்ல.

நம்மவர்களுக்கு அளவு என்ன? எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். மேல்நாட்டாருக்கு 25 வரை பரவாயில்லை என்பார்கள். இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே எடை கூடுதல், 25 தாண்டினால் பருமன் என்று நம் நாட்டு மருத்துவர்கள் 2009ல் கூடி வரையறுத்தார்கள். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 55 கிலோ வரை சரி; 60ஐத் தாண்டினால் பருமன். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். என் மனைவி 68 கிலோவில் இருந்தாள். காரணமும் இருந்தது. இறக்கம் வந்த பயத்தில் நடப்பதையே நிறுத்தியிருந்தாள். நடந்தால் இன்னும் இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னாராம். நடக்காததால் எடை ஏறியது, எடை ஏறியதால் இறக்கம் கூடியது. சமதரையில் நிதானமாக நடப்பது யாருக்கும் கேடில்லை என்று டாக்டர் சொன்னபின் இப்போது இருவரும் அல்சூர் ஏரிக்கரையில் நடக்கிறோம். சோற்றைக் கைவிடவில்லை, அளவைப் பாதியாக்கி, காய்கறியையும் சுண்டலையும் கூட்டியிருக்கிறோம். இது மலச்சிக்கலுக்கும் நல்லது.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ஜல்லியைப் பேக் செய்யும் வேலை. 1948ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கீகல் இந்தத் தசைக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கலாம் என்று எழுதினார். அவர் பெயராலேயே இதைக் கீகல் பயிற்சி என்கிறார்கள். நம் யோகத்தில் மூலபந்தம் என்று சொல்வதும் இதற்கு நெருங்கிய உறவுதான். "எங்கள் முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று மார்தட்ட நான் வரவில்லை. நோக்கம் வேறு, செயல் ஏறக்குறைய ஒன்று.

பயிற்சி இது. வாயு வெளியேறாமல் அடக்குவது போலவும், அதே சமயம் சிறுநீரை நிறுத்துவது போலவும் கீழ்த் தசையை இறுக்கி உள்ளே மேல்நோக்கித் தூக்க வேண்டும். தூக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர். மூச்சை அடக்கக்கூடாது. தொடை, பிட்டம், வயிறு இவற்றை முறுக்கக்கூடாது. எந்தத் தசை என்று கண்டுகொள்ள ஒரே ஒரு தடவை சிறுநீரை நடுவில் நிறுத்திப் பார்க்கலாம்; அதையே தினசரிப் பயிற்சியாகச் செய்யக்கூடாது. தொடக்கத்தில் படுத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் தலையணை வைத்துச் செய்வது எளிது. ஐந்து விநாடி பிடித்து, அதே அளவு தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. நாளடைவில் பத்து விநாடிக்குக் கொண்டுபோகலாம். ஒரு வேளைக்கு 8 முதல் 12 தடவை, நாளைக்கு மூன்று வேளை. பிறகு உட்கார்ந்து, அப்புறம் நின்றுகொண்டு. இறுக்கும்போது வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும்.

இதோடு ஒரு பழக்கம். இருமல் வரப்போகிறது, தும்மல் வரப்போகிறது, குழந்தையைத் தூக்கப்போகிறோம் என்றால் அதற்கு ஒரு கணம் முன்னாலேயே தசையை இறுக்கிக்கொள்வது. இதனால் இருமும்போது கசிவது குறைகிறது என்று 1998ல் அமெரிக்காவில் சோதித்துக் காட்டினார்கள். அந்தக் குழுவில் ஒருவர் இயந்திரவியல் பொறியாளர் என்று அறிந்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதே, நாமே செய்துகொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. 1991ல் 47 பெண்களுக்கு வாயால் மட்டும் விளக்கிவிட்டு அளந்து பார்த்தார்கள். பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் தூக்குவதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்கினார்கள். அப்படிச் செய்தால் நன்மை இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் வரலாம். என் மனைவியும் ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தானாக இரண்டு மாதம் செய்திருக்கிறாள், எல்லாம் தலைகீழாக. பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பரிசோதித்துச் சொல்லும்வரை அவளுக்குத் தெரியாது. ஆகவே ஒரு தடவையாவது மகளிர் மருத்துவரிடமோ, இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டிச் சரிபார்க்க வேண்டும். நல்ல மேட் இல்லாமல் கேங் வேலை நடக்காது.

பலன் உண்டா? 2014ல் வெளிவந்த ஆய்வில் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 447 பெண்களைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்த குழுவுக்கு ஓராண்டு கழித்தும் தொல்லைகள் குறைவாக இருந்தன. நார்வேயில் 2010ல் 109 பெண்களிடம் செய்த ஆய்வில், 6 மாதப் பயிற்சிக்குப் பின் 19 சதவீதம் பேருக்கு இறக்கமே ஒரு நிலை மேலேறியது; பயிற்சி செய்யாதவர்களில் 8 சதவீதம். ஆகப் பத்துப் பேரில் இருவருக்கு உறுப்பே மேலேறுகிறது. இன்னும் பலருக்கு உறுப்பு இருந்த இடத்தில் இருந்தாலும் கனமும் இடறலும் குறைகின்றன. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி முதல் இரண்டு நிலைகளுக்குக் குறைந்தது 16 வாரம் மேற்பார்வையோடு இந்தப் பயிற்சியைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. பதினாறு வாரம் என்பதைக் கவனியுங்கள். நம்மவர்கள் பத்து நாளில் "ஒண்ணும் தெரியலையே" என்று விட்டுவிடுகிறார்கள்.

மற்ற உடற்பயிற்சிகளில் நடை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, படுத்து இடுப்பை மட்டும் தூக்கும் சேதுபந்தாசனம் இவை பரவாயில்லை. மல்லாந்து படுத்துத் திடீரென்று எழும் வயிற்றுப் பயிற்சி, கயிறு தாண்டுதல், மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குதல் இவை தளம் வலுப்பெறும்வரை வேண்டாம். மேலைநாட்டுக் கழிவறையில் காலுக்கடியில் சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் முக்க வேண்டியது குறையும்.

மூன்றாம், நான்காம் நிலைக்குப் பயிற்சி மட்டும் போதாது. சிலிக்கான் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்கவைக்கும் முறை உண்டு. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் காலத்து ஏடுகளில் இதற்குப் பாதி மாதுளம்பழத்தை வைத்ததாகக் குறிப்பு இருக்கிறதாம். இன்றைய வளையம் எவ்வளவோ மேல். அளவு பார்த்து டாக்டர்தான் பொருத்த வேண்டும், அவ்வப்போது எடுத்துக் கழுவ வேண்டும். ஆபரேஷன் தேவைப்பட்டால் கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. குழந்தை வேண்டும் இளம் பெண்களுக்காகக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகளை வகுத்தவர்களில் நம் நாட்டவர்கள் முக்கியமானவர்கள்: மும்பையின் டாக்டர் வி.என். சிரோட்கர், டாக்டர் பி.என். புரந்தரே. கர்ப்பப்பையை எடுத்துவிட்டாலும் தளம் தளர்வாகவே இருந்தால் மேல்முனை மறுபடி இறங்கலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் டாக்டர் உடனே எடுத்துவிடலாம் என்றால், இன்னொருவரையும் பார்ப்பதில் தவறில்லை. எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

தாமதமே கூடாத சில நிலைகள் உண்டு. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படுதல், சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளுதல், வெளியே வந்த பாகத்தில் புண் இவை எதுவானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெங்களூரில் அரசு ஆஸ்பத்திரி என்றால் கோட்டைப் பக்கம் வாணி விலாஸ், சிவாஜிநகரில் பவுரிங் இரண்டிலும் மகளிர் பிரிவு இருக்கிறது. பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம். "கர்ப்பகோச ஜாரிதெ" என்ற இரண்டு வார்த்தை போதும்.

பயிற்சி தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. என் மனைவி இப்போது 62 கிலோ. மாலை நேரத்துக் கனம் பெரும்பாலான நாட்களில் இல்லை என்கிறாள். கல்யாண வீட்டில் அதிக நேரம் நின்றுவிட்டால் மட்டும் வருகிறது. தண்ணீர் கேனைத் தூக்குவது என் வேலை. நான் ஊரில் இல்லாத நாட்களுக்காக வாசலருகே ஒரு சின்ன ஸ்டாண்டு செய்து வைத்திருக்கிறேன். கேன் கொண்டுவரும் பையனே அதன் மேல் வைத்துவிட்டுப் போகிறான்.